கதவைத் தட்டிய கம்பெனிகள்

பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறைக்கு, காஸைப் பற்றியோ மின்சாரத்தைப் பற்றியோ பேச வீடு தேடி வரும் ஆள் என்றால் மீட்டர் பார்க்க வருபவர்தான். 1948 ஏப்ரலில் மின்சாரத் துறையும் 1949 மே மாதம் காஸ் துறையும் அரசுடைமை ஆயின. அதன்பின் வட்டாரத்துக்கு ஒரு வாரியம், ஒரு விலைப்பட்டியல், ஒரு பில். காசு போட்டால் ஓடும் மீட்டர் இருந்த வீடுகளில், பெட்டியைத் திறந்து நாணயங்களை எண்ணிக்கொண்டு போகவும் வாரியத்து ஆள் வருவார். அவரை உள்ளே விடப் பெரும்பாலோர் தயங்கவில்லை. அவர் எதையும் விற்க வந்தவர் அல்லர்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஊறிப்போன அந்த நம்பிக்கைதான் 1990களின் பிற்பாதியில் கதவைத் தட்டிய புது ஆட்களுக்கு முதலீடாக அமைந்தது. சட்டைப்பையில் அடையாள அட்டை, கையில் விண்ணப்பப் படிவம், வாயில் மனப்பாடம் செய்த வசனம். அவர்கள் வந்தது விற்பதற்கு. ஆனால் விற்க வந்திருக்கிறோம் என்று பலர் சொல்லவில்லை.

மார்கரெட் தாட்சரின் அரசு 1986இல் பிரிட்டிஷ் காஸின் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. 1990 டிசம்பரில் இங்கிலாந்து, வேல்ஸின் 12 வட்டார மின் நிறுவனங்களின் பங்குகளும் சந்தைக்கு வந்தன. உடைமை மாறியதே தவிர, சாதாரண வீட்டுக்காரருக்குத் தேர்வு செய்ய எதுவும் கிடைக்கவில்லை. பழைய ஏகபோகம் தனியார் கையில் தொடர்ந்தது. வீடுகளுக்கான போட்டி 1996இல்தான் தொடங்கியது. தென்மேற்கு மூலையில் கார்ன்வால், டெவன், சாமர்செட் ஆகிய மூன்று மாவட்டங்களின் ஐந்து லட்சம் வீடுகள் சோதனைக் களமாயின. 1998 மே மாதத்துக்குள் காஸ் போட்டி நாடு முழுவதும் பரவியது. 1998 செப்டம்பரிலிருந்து 1999 மே வரை, பகுதி பகுதியாக மின்சாரமும் திறந்துவிடப்பட்டது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே வீட்டுக்கு மின்சாரம் என்றால் மின்வாரியம் ஒன்றே; யாரிடம் வாங்குவது என்ற கேள்வியே எழாது. பிரிட்டனில் கம்பியும் குழாயும் ஒன்றாகவே இருக்க, பில் போடும் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது யாரும் கம்பியைத் தொடுவதில்லை. விளக்கு ஒரு நொடிகூட அணையாது. அடுப்பில் அதே நீலச் சுடர். பெரும்பாலும் மீட்டரும் பழையதுதான். முகவரி, பில்லில் அச்சிட்ட இணைப்பு எண், ஒரு கையெழுத்து இருந்தால் போதும். பழைய கம்பெனிக்குச் சொல்வதைப் புதிய கம்பெனியே பார்த்துக்கொள்ளும்.

மோசடிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது. துணி விற்பவர் ஏமாற்றினால் சாயம் போகும்போது தெரிந்துவிடும். இங்கே வீட்டில் எதுவும் மாறாததால், புதிய பெயரில் பில் வந்து விழும்வரை தாங்கள் கம்பெனி மாறிவிட்டோம் என்பதே பலருக்குத் தெரியவில்லை.

விற்கப்பட்டது ஒரு விலை. அந்த விலையை வாசலில் நின்றபடி கணக்குப் போடுவது படித்தவர்களுக்கும் எளிதல்ல. சில கம்பெனிகள் நாளுக்கு இவ்வளவு என்று நிலைக் கட்டணம் வாங்கின. வேறு சில அதை நீக்கிவிட்டு, முதல் சில நூறு யூனிட்டுகளுக்குக் கூடுதல் விலையும் மீதிக்குக் குறைந்த விலையும் வைத்தன. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டினால் ஒரு தள்ளுபடி, காஸும் மின்சாரமும் ஒரே இடத்தில் வாங்கினால் இன்னொரு தள்ளுபடி. காஸ் மீட்டர் கன அளவைக் காட்டும். பில்லோ அதைக் கிலோவாட் மணியாக மாற்றிக் கேட்கும். ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்று தெரியாமல் எந்த விலை மலிவு என்று சொல்லவே முடியாது. வாசலில் வந்தவரோ இரண்டே நிமிடத்தில், ‘உங்களுக்கு நூறு பவுண்ட் மிச்சம்’ என்பார்.

அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. இருந்த இடத்திலிருந்து வாடிக்கையாளரைப் பெயர்க்க விளம்பரமும் கடிதமும் போதவில்லை. நேரில் போனால்தான் கையெழுத்து விழுந்தது. கம்பெனிகள் பலவும் இந்த வேலையை ஆள் பிடிக்கும் ஏஜென்சிகளிடம் விட்டன. விற்பனையாளருக்குக் கிடைத்தது பெரும்பாலும் கமிஷன்: கையெழுத்து விழுந்தால் காசு, விழாவிட்டால் அன்றைய நடை வீண். பகலில் கதவைத் திறப்பவர்கள் முதியவர்கள், நோயாளிகள், வேலையில்லாதவர்கள். முன்கூட்டியே பணம் கட்டி மீட்டரில் ஏற்றிக்கொள்ளும் ஏழை வீடுகளும், நகராட்சிக் குடியிருப்புகளும் இவர்களுக்கு வாடிக்கையான தடங்கள் ஆயின.

உத்திகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறவில்லை. மீட்டரைச் சரிபார்க்க வந்ததாகச் சொல்வது. அரசு அறிவித்த தள்ளுபடி சேர்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் மாறிவிட்டார்கள் என்பது. ‘ஒரு முறை பில்லைக் காட்டுங்கள்’ என்று வாங்கி, பேச்சோடு பேச்சாக இணைப்பு எண்ணைக் குறித்துக்கொள்வது. ‘நான் வந்துபோனதற்கு அத்தாட்சியாக ஒரு கையெழுத்து’ என்று கேட்டு, ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்வது. கையெழுத்தே போடாதவர்களின் பெயரில் போலிக் கையெழுத்துடன் போன படிவங்களும் உண்டு.

வாசல் விற்பனையின் ஆபத்து பிரிட்டிஷ் சட்டத்துக்குப் புதிதல்ல. ஊர் ஊராகச் சுமந்து விற்பவர் காவல்துறையிடம் சான்றிதழ் பெற வேண்டும் என்றது 1871ஆம் ஆண்டுச் சட்டம். தவணை முறையில் பொருள்களைத் தலையில் கட்டும் ஆட்கள் பெருகியபோது, கடைக்கு வெளியே கையெழுத்தான தவணை ஒப்பந்தத்தை நான்கு நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையை 1964இல் நாடாளுமன்றம் தந்தது. ஐரோப்பிய நெறியை ஒட்டி 1987இல் வந்த விதிகள், அழைக்காமல் வந்து விற்றவரிடம் செய்த ஒப்பந்தத்தை ஏழு நாளுக்குள் ரத்து செய்ய வழிவிட்டன. ஆனால் ரத்து செய்யும் உரிமை, தான் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம் என்று தெரிந்தவருக்குத்தான் பயன்படும். கையெழுத்து எதற்கென்றே தெரியாத மூதாட்டிக்கு ஏழு நாள் இருந்தென்ன, எழுபது நாள் இருந்தென்ன?

ஆகவே 1998இல் காஸ், மின் கம்பெனிகளின் உரிமத்திலேயே விற்பனைக்கென்று நிபந்தனை சேர்க்கப்பட்டது. ஆட்களைப் பார்த்துச் சேர்க்க வேண்டும், பயிற்சி தர வேண்டும், ஒப்பந்தம் ஆனபின் வாடிக்கையாளரைத் தொடர்புகொண்டு அவருக்கு விவரம் புரிந்ததா என்று உறுதிசெய்ய வேண்டும். 2002இல் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், லண்டன் எலெக்ட்ரிசிட்டி நிறுவனத்துக்கு 20 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டு கம்பெனிகளே சேர்ந்து ‘எனர்ஜிஷ்யூர்’ என்ற நடத்தை விதியை அமைத்தன. விற்பனையாளர்களுக்குப் பதிவும் அந்தப் பதிவுக்கான அடையாள அட்டையும் வந்தன.

இத்தனைக்கும் பிறகு புகார்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் கம்பெனிகளின் விளக்கம் ஏறத்தாழ ஒன்றே: யாரோ சில ஆட்கள் செய்த தவறு, அவர்களை நீக்கிவிட்டோம். கமிஷன் முறையும் வசனமும் அப்படியே இருந்தன. நீக்கப்பட்டவரின் இடத்துக்கு வந்தவர் அதே வசனத்தை மனப்பாடம் செய்தார்.

2008 ஒரு திருப்பம். ஒரு பத்திரிகையின் ரகசியப் புலனாய்வில் ‘என்-பவர்’ (npower) என்ற நிறுவனத்தின் வாசல் விற்பனை முறை வெளியே வந்தது; ஆஃப்ஜெம் அந்த நிறுவனத்துக்கு 18 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டது. அதே ஆண்டு சந்தை முழுவதையும் ஆராய்ந்த ஆஃப்ஜெம், நேரடி விற்பனையால் கம்பெனி மாறியவர்களில் காஸில் 48 சதவீதம் பேரும் மின்சாரத்தில் 42 சதவீதம் பேரும் முன்பைவிட மலிவான விலைக்கு மாறவில்லை என்று கண்டது. பணம் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக மாறியவர்கள் இவர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கம்பெனியைத் தொட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே பலன் கிடைத்திருக்கும். சில ஆட்களின் தவறு என்ற விளக்கம் இந்த எண்களுக்கு முன்னால் நிற்கவில்லை.

2010 தொடக்கத்தில் விதி இறுகியது. ஒப்பந்தத்துக்கு முன்பே, ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீட்டை எழுத்தில் தர வேண்டும். மிச்சம் என்று சொன்னால் பெரும்பாலான சமயங்களில் இப்போதைய விலையோடு ஒப்பீடும் தர வேண்டும். வாயால் சொன்ன வாக்கு காகிதத்துக்கு வந்தபோது பொய்க்குச் சாட்சி கிடைத்தது. 2010 செப்டம்பரில் நான்கு பெரிய நிறுவனங்கள்மீது ஆஃப்ஜெம் விசாரணை தொடங்கியது.

ஆனால் இந்தக் கதையின் மையமான அடி விழுந்தது ஒரு மாவட்டத்து அலுவலகத்திலிருந்து. லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள சர்ரே மாவட்டத்தில், நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவு, நாட்டின் மிகப் பெரிய மின் நிறுவனங்களில் ஒன்றான ஸ்காட்டிஷ் அண்ட் சதர்ன் எனர்ஜிமீது குற்ற வழக்குப் போட்டது. நியாயமற்ற வணிக நடத்தைகளைக் குற்றமாக்கிய 2008ஆம் ஆண்டு விதிகள் அதற்குக் கைகொடுத்தன. கில்ட்ஃபோர்ட் கிரௌன் நீதிமன்றத்தில் விசாரணையின் நடுவே வைக்கப்பட்டது, விற்பனையாளர்களுக்கு நிறுவனம் கற்றுத்தந்த பேச்சுமுறை. உள்ளே எப்படி நுழைவது, எப்படித் தொடங்குவது, மிச்சமாகும் என்ற எண்ணத்தை எப்படி விதைப்பது என்பதெல்லாம் பயிற்சியிலேயே இருந்தன. 2011 மே மாதம் ஜூரி நிறுவனத்தைக் குற்றவாளி என்றது.

நிறுவனம் மேல்முறையீடு செய்தது. விற்றது துணை நிறுவனத்தின் ஆட்கள், தாய் நிறுவனம் எப்படிப் பொறுப்பாகும் என்பது அதன் வாதங்களில் ஒன்று. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு 12.5 லட்சம் பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கு அது பெரிய தொகையல்ல. பதினைந்து ஆண்டுகளாக வாசலில் நின்ற ஆளின் தலையில் விழுந்த பழி, அவரை அனுப்பியவர்களிடம் போய்ச் சேர்ந்ததுதான் பெரிது.

தீர்ப்பு வந்த இரண்டே மாதத்தில், 2011 ஜூலையில், அந்த நிறுவனம் வாசல் விற்பனையை நிறுத்தியது. ஆகஸ்டில் பிரிட்டிஷ் காஸ் நிறுத்தியது. மற்ற பெரிய நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. ஆஃப்ஜெமின் விசாரணைகளும் முடிவுக்கு வந்தன. 2012 மார்ச்சில் இ.டி.எஃப். 45 லட்சம் பவுண்ட் தர ஒப்புக்கொண்டது. 2013இல் ஸ்காட்டிஷ் அண்ட் சதர்னுக்கு 1.05 கோடி, ஸ்காட்டிஷ் பவருக்கு 85 லட்சம், என்-பவர் நிறுவனத்துக்கு 35 லட்சம். அந்த நான்கோடு பின்னர் சேர்ந்த இ.ஆன் 2014 மே மாதம் 1.2 கோடி பவுண்ட் தர வேண்டியதாயிற்று. அதில் பெரும்பகுதி, எளிய நிலையில் இருந்த 3,33,000 வாடிக்கையாளர்களுக்குத் தலைக்கு 35 பவுண்டாகப் போனது. ஐந்து நிறுவனங்களுக்கும் சேர்த்து 3.9 கோடி பவுண்ட்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும். வாசல் விற்பனை இல்லாவிட்டால் ஏழைகளுக்கும் முதியவர்களுக்கும் போட்டியின் பலன் எட்டவே எட்டாது என்றார்கள். நிறுத்தியபின் கம்பெனி மாறுவோர் எண்ணிக்கை குறைந்தது உண்மைதான். ஆனால் மாறியவர்களில் பாதிப் பேருக்கு நெருக்கமானவர்கள் பலன் பெறவில்லை என்றால், அந்த எண்ணிக்கையைப் போட்டியின் வெற்றியாகக் காட்ட முடியாது.

பெரியவர்கள் விட்ட இடத்தைச் சிறிய கம்பெனிகள் சில பிடித்தன. 2016இல் எகானமி எனர்ஜியும் ‘இ’ என்ற நிறுவனமும், நேரில் போய் விற்கும்போது ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் இழுப்பதில்லை என்று ரகசியமாக உடன்பாடு செய்துகொண்டன. மென்பொருள் ஆலோசனை நிறுவனமான டைபால் அதற்கு உதவியது. மூன்றுக்கும் சேர்த்து 2019இல் 8.7 லட்சம் பவுண்ட் அபராதம். போட்டிக்காகத் திறக்கப்பட்ட கதவில் போட்டியையே நிறுத்திவைத்த கதை இது.

இன்று சட்டம் முன்பைவிட வலுவாக இருக்கிறது. 2014 ஜூனிலிருந்து, வீட்டில் போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். ஆனால் இந்த உரிமை வீட்டுக்காரருக்குத்தான், கடைக்காரருக்கு இல்லை. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் கடை வைத்திருக்கும் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடையின் மின் ஒப்பந்தத்துக்கு இடைத்தரகர் வந்தால், சரி என்று ஒரு வார்த்தை சொல்லும் முன்பே நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிப் படிக்க வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து சிறு வணிகர்களுக்குத் தரகரின் கூலி எவ்வளவு என்பதை ஒப்பந்த விவரத்தில் காட்டியாக வேண்டும். அதைக் கேட்டு வாங்கலாம்.

லண்டனில் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பகலில் வீட்டில் தனியாக இருக்கும் அம்மா அப்பாக்களுக்கு இவ்வளவு சொல்லி வைத்தால் போதும். அழைக்காமல் வந்தவரிடம் பில்லைக் காட்ட வேண்டாம். எதற்கும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம். மீட்டர் பார்க்க வந்ததாகச் சொன்னால், கதவைச் சாத்திவிட்டு, பில்லில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். உண்மையான ஆள் காத்திருப்பார். கையெழுத்துப் போட்டாயிற்று என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். 14 நாள் இருக்கிறது, சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு காசு வாங்காமல் உதவும். புகாரையும் பதிவு செய்துவிடுங்கள். சர்ரேயில் வழக்கு எழுந்ததே அப்படி வந்த புகார்களிலிருந்துதான்.