தெரிவும் அடுக்கும்

ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளைப் புதிதாகக் கையாளும் எவரும் முதல் வாரத்திலேயே ஒரு குழப்பத்தைச் சந்திப்பர். படத்தின் ஒரு பகுதியைச் சுற்றிக் கோடு வரைந்து தெரிவு செய்திருப்பர். விளிம்பில் புள்ளிக்கோடு எறும்பு வரிசைபோல ஊர்ந்துகொண்டிருக்கும். அதைப் படியெடுக்க முனைந்தால், தெரிவு செய்த இடம் வெறுமையாக உள்ளது என்று மென்பொருள் மறுத்துவிடும். உருவம் கண்ணெதிரே இருக்கிறது. மென்பொருளோ இல்லை என்கிறது. காரணம் எளிது. கண் காண்பது எல்லா அடுக்குகளும் ஒன்றுகூடிய தோற்றத்தை. கட்டளை செல்வதோ அந்நேரம் செயலில் இருக்கும் ஓர் அடுக்குக்கு மட்டும். தெரிவு எந்த அடுக்குக்கும் உரியதன்று. படம் முழுமைக்கும் மேலே விரிக்கப்பட்ட, துளையிட்ட தாள் போன்றது அது. அத்துளையின் வழியே எந்த அடுக்கைத் தொடுகிறோம் என்பது தனிக் கேள்வி.

'எந்த இடம்' என்னும் கேள்வியும் 'எந்த அடுக்கு' என்னும் கேள்வியும் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. புகைப்படத்தைப் பொறுத்தவரை முன்னது மூத்தது; பின்னது மிக இளையது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் என்ன நிகழ்ந்தது என்பதையே இங்குக் காண முற்படுகிறோம்.

1850களில் வழக்கிலிருந்த கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு மிகையாக இசைந்தது. கடலுக்கு ஏற்ற அளவில் ஒளியைப் புகவிட்டால் வானம் வெளிறிப் போகும். வானத்துக்கு ஏற்ப அளந்தால் கடல் இருண்டுவிடும். பிரான்சின் குஸ்தாவ் லெ க்ரே இதற்கு ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு. அடிவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். 1856, 1857ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கடற்காட்சிகள் பெரும்புகழ் பெற்றன. அடிவானம் நேர்கோடாக அமைவதால் அங்கே பொருத்துவது ஓரளவு எளிது. மனித உருவின் விளிம்பு அத்தகையதன்று.

அக்கடின வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டவர் இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகரில் தொழில் நடத்திய ஆஸ்கர் குஸ்தாவ் ரெய்லாண்டர், சுவீடனில் பிறந்தவர். 1857இல் மான்செஸ்டர் கலைச்செல்வக் கண்காட்சியில் 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் அவரது படம் வைக்கப்பட்டது. முதியவர் ஒருவர் நடுவில் நிற்க, இளைஞர் இருவரில் ஒருவன் அறத்தின் பக்கமும் மற்றவன் இன்பக் களியாட்டத்தின் பக்கமும் செல்வதாகக் காட்டும் அப்படம் முப்பதுக்கும் மேற்பட்ட தகடுகளிலிருந்து உருவாயிற்று. உருவங்களைத் தனித்தனியே, தூரத்துக்கேற்ற அளவில் எடுத்துக்கொண்டார். பின்னர் ஒளியுணர் தாளின் ஒரு பகுதியை மட்டும் திறந்து வைத்து, எஞ்சியதை மூடி, ஒரு தகட்டை வெயிலில் அச்சேற்றினார். அது முடிந்ததும் அப்பகுதியை மூடி, அடுத்த இடத்தைத் திறந்து, அடுத்த தகடு. இப்படி ஏறக்குறைய ஆறு வாரங்கள்.

அந்த மூடுதுணியைத்தான் நாம் இன்று தெரிவு என்கிறோம். ஒளி எங்கே விழலாம், எங்கே விழக்கூடாது என்று வரையறுப்பதே அதன் பணி. இன்றைய மென்பொருளிலும் அப்பணி மாறவில்லை. ஆனால் ரெய்லாண்டரின் தெரிவுக்கு ஆயுள் சில நிமிடங்களே. துணியை எடுத்ததும் அது மறைந்தது. ஓர் உருவம் சற்றே இடம் தவறி விழுந்தால் அதை மட்டும் நகர்த்த வழியில்லை. முழுத் தாளும் வீண். முப்பது தகடுகள் இருந்தும் அடுக்கு என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே தாளில் சென்று கலந்துவிட்டன.

விக்டோரியா அரசி அப்படத்தின் ஒரு படியை விலைக்கு வாங்கினார். ஸ்காட்லாந்திலோ, ஆடை குறைந்த பெண்கள் இருந்த இடப்பாதியைத் திரையிட்டு மறைத்தே காட்சிக்கு வைத்தனர். தெரிவு செய்து செய்து உருவாக்கிய படத்துக்கு மேலும் ஒரு தெரிவு! அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து தகடுகளைக் கொண்டு, மரணப்படுக்கையிலிருக்கும் பெண்ணொருத்தியைக் காட்டும் 'தேய்ந்து மறைதல்' படத்தை அமைத்தார். பலர் மனம் புண்பட்டனர். அது ஒட்டுப்படம் என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. புகைப்படம் இவ்வளவு அந்தரங்கமான துயரத்துக்குள் நுழைந்துவிட்டதே என்பதும் அவர்தம் குறை.

சேர்ப்பதற்குப் பயன்பட்ட கலை நீக்குவதற்கும் பயன்பட்டது. மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்கு அருகே நிற்கும் நிக்கொலாய் யெஷோவின் படம் பலரும் அறிந்தது. இரகசியக் காவல்துறைத் தலைவராக இருந்த அவர் 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்வந்த படத்தில் அவர் நின்ற இடத்தில் கால்வாய் நீர் மட்டுமே தெரிகிறது. அந்நீரை எந்தக் கேமராவும் பதிவு செய்யவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. புகைப்படத்துக்குப் பின்புறம் கிடையாது. ஒருவரை வெட்டி எடுத்தால் அவருக்குப் பின்னாலிருந்தது வெளிப்படுவதில்லை, ஓட்டைதான் எஞ்சும். அவ்வோட்டையை யாரோ ஒருவர் தூரிகையால் நிரப்பியாக வேண்டும். ஓரடுக்குப் படத்தில் அழித்தல் என்பது எப்போதும் புனைதலும் ஆகும்.

பின்புறம் உள்ள படத்தை முதலில் கண்டறிந்தவர்கள் புகைப்படக்காரர்கள் அல்லர், கேலிச்சித்திரப்படம் வரைந்தவர்கள். 1914இல் ஏர்ல் ஹர்ட் என்னும் அமெரிக்கர், அசையும் உருவை ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தாளில் வரைந்து, அசையாப் பின்னணியின் மேல் வைத்துப் படமெடுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். உருவை எடுத்தாலும் பின்னணி குறையாது. இன்றைய 'லேயர்' என்பது இந்தச் செல்லுலாய்டுத் தாளின் நேர் வாரிசு.

கணினிக்கு இதைக் கற்பிக்க ஒரு தடை இருந்தது. செல்லுலாய்டுத் தாளில் வரையாத இடம் தானே தெளிவாக இருக்கும். கணினியிலோ ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. 'இங்கு ஒன்றுமில்லை' என்று சொல்ல எண் இல்லை. நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் ஆகிய இருவரும் 1970களின் பிற்பகுதியில் நான்காவது எண் ஒன்றைச் சேர்த்தனர். அப்புள்ளி கீழே உள்ளதை எவ்வளவு மறைக்கிறது என்பதை அது குறிக்கும். அதற்கு 'ஆல்ஃபா' என்று பெயரிட்டனர். 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் இவ்வாறமைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதற்கான கணக்கை முறைப்படுத்தி எழுதினர். இந்நால்வருக்கும் ஹாலிவுட்டின் அகாதமி பின்னர் தொழில்நுட்ப விருது வழங்கிற்று. ரெய்லாண்டரின் துணி இவ்வாறு ஓர் எண்ணாக மாறியது. எண் என்பதால் அதைச் சேமித்து வைக்கவும் முடிந்தது.

ஆயினும் 1990 பிப்ரவரியில் வெளிவந்த ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பில் அடுக்குகள் இல்லை. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் ஆக்கிய அம்மென்பொருளில் தெரிவு இருந்தது. தெரிவைச் சேனலாகச் சேமிக்கும் வசதியும் இருந்தது. வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டிய துண்டு, தெரிவு நீடிக்கும்வரை மிதந்துகொண்டிருக்கும், நகர்த்தலாம், மங்கலாக்கலாம். தெரிவைக் கைவிட்ட கணமே அது கீழே உள்ள படத்தில் விழுந்து கலந்துவிடும். அடியில் இருந்தது அழிந்தது அழிந்ததுதான். செய்ததை மீட்கும் கட்டளையும் ஒரே ஓர் அடிதான் பின்செல்லும். பல அடிகள் பின்செல்லும் வசதி 1998இல் ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது. ஆகவே அந்நாளைய வல்லுநர்கள் தெரிவுகளைச் சேனல்களாக்கிக் கூட்டியும் கழித்தும் வித்தை காட்டினர். ஒரே கோப்பைப் பல பெயர்களில் சேமித்துக் காத்துக்கொண்டனர். கலைநயத்தைவிட அச்சமே அவர்களை நடத்தியது என்று சொல்லத் தோன்றுகிறது.

1994இல் மூன்றாம் பதிப்பு அடுக்குகளைக் கொண்டுவந்தது; அடுக்குக்கு மறைப்பு மாட்டும் வசதியும் உடன் வந்தது. நம் கருத்தில் பெரும் மாற்றம் இம்மறைப்பே. தெரிவு இங்கே கத்தியாக இல்லை. ஓர் அடுக்கின்மேல் நிலையாகத் தொங்கும் திரையாக உள்ளது. கறுப்பிட்டால் மறையும், வெண்மையிட்டால் மீளும். எதுவும் அழிவதில்லை.

அதனோடு புதுத் தொல்லையும் பிறந்தது: நாம் முதலில் சொன்ன குழப்பம். அதைத் தீர்க்கும் வழிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. காணும் அடுக்குகள் யாவற்றையும் சேர்த்துப் படியெடுக்கும் கட்டளை ஒன்று. ஆனால் அது தருவது ஒட்டித் தட்டையான ஒரே துண்டு. அடுக்குகளைத் தொகுதியாக்கி, தொகுதிக்கே மறைப்பு மாட்டுவது மற்றொன்று. பல அடுக்குகளை ஒரே வடிவில் நறுக்க இதுவே நல்வழி, அடுக்குகளும் தனித்தனியே பிழைத்திருக்கும். 2005இல் வந்த சிஎஸ்2 பதிப்பில்தான் பட்டியலில் பல அடுக்குகளை ஒருங்கே தேர்ந்து நகர்த்த முடிந்தது. கட்டற்ற மென்பொருளான கிம்ப்பில் இவ்வசதி 2025ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில்தான் கிட்டியது.

இவ்வளவு பாடுபட்டுக் காத்த அடுக்குகள் எங்கே போகின்றன? படத்தை ஜேபெக் கோப்பாகச் சேமிக்கும்போது எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. அவ்வடிவத்தில் அடுக்கும் இல்லை, ஆல்ஃபாவும் இல்லை. மூலமும் உரையும் இடைவெளியின்றி எழுதப்பட்ட ஓலைச்சுவடியைப் பிரித்தறிய முயன்றோர்க்கு இதன் இழப்பு விளங்கும். பழைய இதழ்களின் அட்டைகளை வருடியில் ஏற்றிச் சீர்செய்யும் நண்பர்களிடம் நாம் வேண்டுவதும் இதுவே: வருடிய படம் அடியடுக்காக அப்படியே பூட்டியிருக்கட்டும்; கறை நீக்கியது, எழுத்தைக் கூட்டியது எல்லாம் மேலடுக்குகளில் நிற்கட்டும்; அக்கோப்பையும் சேமித்து வையுங்கள்.

செய்திப் படங்களை நாம் பார்ப்பது பெரும்பாலும் தட்டையான வடிவில்தான். 2006 ஆகஸ்டில் லெபனான் போரின்போது ராய்ட்டர்ஸ் வெளியிட்ட பெய்ரூட் படம் ஒன்றில் புகை மிகைப்படுத்தப்பட்டிருந்தது. கையில் அடுக்குகள் ஏதுமின்றியே வலைப்பதிவர்கள் அதைக் கண்டுபிடித்தனர். ஒரே வடிவப் புகைச்சுருள் திரும்பத் திரும்ப வந்ததே தடயம். அப்புகைப்படக்காரரின் 920 படங்களையும் நிறுவனம் விலக்கிக்கொண்டது. லெ க்ரேயின் கடற்காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்கலாம். வெவ்வேறு கடல்களின் மேல் அதே மேகம் நிற்கும்.