துண்டு முதல் மின்னஞ்சல் வரை: சபரகமுவத் தோட்டங்களில் தாளும் ஏமாற்றும்

சபரகமுவத் தோட்டங்களில் எழுதிய தாளைக் காட்டி ஆளை ஏமாற்றும் வழக்கத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கிய சபரகமுவ 1889இல் தனி மாகாணமானது. தேயிலையோடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கில் இரப்பரும் பரவியது. தென்னிந்தியத் தொழிலாளருக்குக் கிராக்கி ஏறியது. ஆள் சேர்க்கும் பெரிய கங்காணிக்குத் தோட்டத்துரை முன்பணம் கொடுத்தார். அந்தப் பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது.

இந்தக் கடனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசென்ற தாளே 'துண்டு'. இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிப்பதாகத் துரை அதில் எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டங்களை நாடுவான். புதிய துரை தொகையைக் கட்டி ஆட்களை எடுப்பார். ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் பெருகக்கூடும். கங்காணி கூடுதலாக வாங்கிய பணமும் ஆட்களின் கணக்கில் விழலாம். தன் பேரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதை எழுத்தறியாத தொழிலாளி கங்காணியின் வாயிலிருந்தே கேட்டறிய வேண்டியிருந்தது. ஏமாற்றக்கூடியவனே சாட்சியாகவும் இருந்தான்.

முறையிடுவதும் எளிதாக இருக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டுப் போவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது; சிறைக்கும் அனுப்ப முடிந்தது. விடுவிப்பைக் காட்டும் பற்றுச்சீட்டு இல்லாதவனை வேறு தோட்டம் வேலைக்கு எடுக்கவும் முடியவில்லை. தப்பிப் போனால் குற்றவாளி, தங்கினால் கடனாளி என்ற நிலையில், கணக்கைக் கேள்வி கேட்கத் துணிவது அரிதாக இருந்தது.

ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்த 1902 அளவில் தகர டிக்கெட் முறை வந்தது. எழுத்தும் எண்ணும் பொறித்த உலோக வில்லை, அதை வைத்திருப்பவர் எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டியது. 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகம் அமைந்தது. இவை துரையின் முன்பணத்தைக் காத்தன. தொழிலாளி தன் கடன்கணக்கைச் சரிபார்க்க உதவவில்லை.

அந்தக் குறை நீங்கத் தொடங்கியது 1920களில்தான். 1919இல் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் நலச் சங்கம் தொடங்கிச் சிறைத்தண்டனையை எதிர்த்தார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையையும் தண்டனைப் பிரிவுகளையும் நீக்கியது. 1923இல் இந்திய அரசின் முகவர் கண்டியில் அமர்ந்தார். துரைக்கும் கங்காணிக்கும் கட்டுப்படாத ஓரிடத்தில் முறைப்பாடு சொல்ல வழி பிறந்தது.

1970களில் அரசுடைமையான பெருந்தோட்டங்கள் 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. இன்று உத்தரவும் கணக்கும் மின்னஞ்சலில் நகர்கின்றன. அன்று துண்டு துரையின் எழுத்தை முன்வைத்ததுபோல, போலி மின்னஞ்சலும் மேலதிகாரியின் பெயரை, வங்கியின் பெயரை முன்வைக்கிறது. "உடனே கட்டுங்கள்", "கடவுச்சொல்லைப் பதியுங்கள்" என்று அவசரப்படுத்துகிறது. அனுப்புநர் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம்; கொடுப்பனவுக்குரிய வங்கிக் கணக்கு திடீரென மாறலாம். இப்படிப்பட்ட மடலுக்குப் பதில் எழுதிச் சரிபார்ப்பதில் பயனில்லை. பதில் போவது ஏமாற்றுகிறவனிடமே. ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் உரியவரை அழைத்துக் கேட்பதே வழி.

முறையிடும் இடங்களும் உள்ளன. அலுவலகத்தின் கணினிப் பிரிவு முதலாவது. 2006இல் தொடங்கிய இலங்கைக் கணினி அவசர தயார்நிலை அணி அடுத்தது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ்ப் பொலிசாரும் விசாரிக்கலாம். ஆனால் போலி மடலின் இணைப்பைத் தவறி அழுத்தியவரைத் தண்டிக்கும் அலுவலகத்தில் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். மறைத்த ஒவ்வொரு மணி நேரமும் இழப்பைக் கூட்டும். சரிபார்க்கச் சுதந்திரமான வழி, அச்சமின்றிச் சொல்ல ஓரிடம் என்ற இரண்டையும் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு.