வண்டியின் எடையும் சாரதியின் களைப்பும்: பிரிட்டனில் சிறு சரக்கு வாகன விதிகள் வளர்ந்த வரலாறு

சரக்கேற்றிச் செல்லும் மோட்டார் வண்டியை ஓட்டுவதற்கு ஒருவனுக்கு எத்தகைய உரிமம் வேண்டும், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அவன் ஓட்டலாம், அவ்வளவு நேரந்தான் ஓட்டினான் என்பதற்குச் சாட்சியம் யாது என்ற மூன்று வினாக்களுக்கும் பிரிட்டிஷ் சட்டமன்றம் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நெருக்கடிகளை முன்னிட்டு விடை கண்டது. ஆகையால் அவ்விடைகள் ஒன்றோடொன்று முற்றும் பொருந்தவில்லை. லாரிக்கு ஒரு நீதியும் வேனுக்கு மற்றொரு நீதியும் வழங்குகின்ற இன்றைய நிலைமைக்கு ஆதாரமாயிருப்பது 3.5 டன் என்னும் எடை எல்லை. அவ்வெல்லை சாரதியின் உடற்சோர்வை அளந்து வகுக்கப்பட்டதன்று என்பதும், நிர்வாக வசதியைக் கருதியே அது இடப்பட்டது என்பதும் சட்டங்களை வரிசையாக வைத்துப் படிப்போருக்குப் புலனாகும்.

1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் மறு வருஷம் ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தபோது, பதினேழு வயது நிரம்பிய எவரும் 5 ஷில்லிங் செலுத்தி ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்றிருந்தது. ஓட்டத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. அக்காலத்து உரிமம் மனிதனின் திறமைக்கு அளிக்கப்பட்ட அத்தாட்சியாக இல்லை. குற்றம் நேர்ந்தால் ஆளை அடையாளங் காண்பதற்கு உதவும் பதிவாகவே இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. 1934-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி 1935 ஜூன் முதல் புதிய ஓட்டுநர்களுக்குப் பரீட்சை கட்டாயமாயிற்று. கனரக வண்டி ஓட்டுவோருக்குத் தனி உரிமம் வேண்டுமென்ற விதியும் அதே சட்டத்தில்தான் தோன்றியது. யுத்த காலத்தில் நின்றுபோன அத்தனி உரிமம் 1970-இல்தான் மறுபடியும் உயிர் பெற்றது.

ஓட்டும் நேரத்தைப் பற்றிய விதி இதற்குச் சற்று முந்தியது. 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், தன் 19-ஆம் பிரிவில், ஒருவன் தொடர்ந்து ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது என்றும், இருபத்துநான்கு மணி நேரத்தில் மொத்தம் 11 மணிக்கு மேல் ஓட்டலாகாது என்றும், அதே கால அளவில் தொடர்ச்சியாக 10 மணி நேர ஓய்வு அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்றும் விதித்தது. அந்த இருபத்துநான்கு மணி நேரத்தை நள்ளிரவிலிருந்து கணக்கிடாமல் பின்னிரவு இரண்டு மணியிலிருந்து கணக்கிட்டார்கள் என்பது, இரவோட்டத்தின் இயல்பை அறிந்தவர்கள் அச்சட்டத்தை வரைந்திருக்கிறார்கள் என்பதற்கு ஓர் அடையாளம். இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. பயணிகளின் மூட்டை முடிச்சுகளைத் தவிர வேறு சரக்கை ஏற்றுவதற்கென்று செய்யப்பட்ட எந்த மோட்டார் வண்டிக்கும் அப்பிரிவு பொருந்திற்று. ரொட்டிக் கடைக்காரரின் சிறு வேனாயினும், இரவெல்லாம் தொலைதூரம் ஓடும் லாரியாயினும், சாரதி ஒருவனே என்று அச்சட்டம் கருதியது. அந்த ஆதி நியாயம் பிற்காலத்து நியாயத்தைக் காட்டிலும் உயர்ந்தது என்பது என் துணிபு.

அதே பரம்பரையில் பிறந்ததுதான் இந்தியாவில் 1939-இல் இயற்றப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு. ஐந்து மணி நேர ஓட்டத்துக்கு அரை மணி ஓய்வு, நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 54 மணி என்ற அதன் வரம்புகள் சென்னை மாகாணத்துச் சாரதிகளுக்கும் உரியவையாயின.

வரம்பை விதிப்பது ஒன்று; அது மீறப்பட்டதை நிரூபிப்பது வேறொன்று. 1933-ஆம் ஆண்டின் சாலை, ரயில் போக்குவரத்துச் சட்டம் சரக்கு வண்டிகளை ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்ற மூன்று வகை அனுமதிகளுக்கு உட்படுத்தியபோது, ஓட்டிய நேரத்தையும் ஓய்ந்த நேரத்தையும் ஏட்டில் குறித்து வைக்கும் கடமையையும் சுமத்தியது. ஆனால் ஏட்டை எழுதுகிறவன் கூலிக்கு உழைக்கிறவன். எழுதச் சொல்லுகிறவன் முதலாளி. இருவருக்கும் இடையில் அகப்பட்ட ஏடு உண்மையைச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது அரிது. இந்தக் குறையைத் தீர்க்கவந்த சாதனமே டாக்கோகிராஃப்.

ஜெர்மனியில் கருங்காட்டுப் பிரதேசத்தை ஒட்டிய ஃபில்லிங்கன் என்னும் ஊரிலிருந்த கீன்ஸ்லெ நிறுவனம் இக்கருவியைச் சாலை வண்டிகளுக்கேற்பச் செய்து பெயர் பெற்றது. கடிகாரத் தொழிலுக்குப் பெயர்போன அப்பிரதேசத்தில் அது உருவானது இயற்கையே. ஏனெனில் டாக்கோகிராஃப் என்பது வண்டியின் சக்கரத்தோடு இணைக்கப்பட்ட ஒரு கடிகாரந்தான். மெழுகு பூசிய வட்டத் தாள் ஒன்று நாளுக்கு ஒரு முறை சுழல, நுண்ணிய மூன்று ஊசிகள் அதன்மேல் கீறிக்கொண்டே செல்லும்: ஒன்று வேகத்தையும், மற்றொன்று கடந்த தூரத்தையும், மூன்றாவது சாரதியின் நிலையையும் பதியும். தாளின் நடுவே அவன் தன் பெயரையும், புறப்பட்ட ஊரையும், சேர்ந்த ஊரையும், வண்டியின் எண்ணையும், தூரமானியின் அளவையும் தன் கைப்பட எழுத வேண்டும். ஓட்டுகிறானா, வேறு வேலை செய்கிறானா, அழைப்புக்குக் காத்திருக்கிறானா, உறங்குகிறானா என்பதைக் கருவியிலுள்ள விசையைத் திருப்பி அவனே அறிவிக்க வேண்டும். ஓட்டுதலுக்குச் சக்கரமும், வேறு வேலைக்குக் குறுக்காக வைத்த இரு சுத்தியல்களும், ஓய்வுக்குக் கட்டிலும் குறிகளாக அமைந்தன. ஒரு மனிதனின் முழு நாளும் உள்ளங்கையளவு தாளில் அடங்கிவிட்டது. மேற்கு ஜெர்மனி 1952-இலேயே கனரக வண்டிகளுக்கு இதைக் கட்டாயமாக்கிற்று.

பிரிட்டனில் பார்பரா காசில் அம்மையார் போக்குவரத்து மந்திரியாயிருந்து வகுத்த திட்டத்தின் பயனாக 1968-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் பிறந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் வழங்கிய ‘ஏ’, ‘பி’, ‘சி’ முறையை அது ஒழித்து, சரக்கு வண்டிகளை வைத்துத் தொழில் நடத்துவோருக்கு வழங்கும் ‘நடத்துநர் அனுமதி’ என்ற புதிய முறையை நிறுவியது. லட்சக்கணக்கான சிறு வேன்களுக்கெல்லாம் அனுமதிச்சீட்டு வழங்கிக்கொண்டிருப்பது வீண் சிரமம் என்று கருதி, மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்படாதவற்றை அம்முறையிலிருந்து விலக்கியது. மறு வருஷமே ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பிறப்பித்த 543/69 என்ற ஒழுங்குவிதியும் ஓட்டும் நேர விஷயத்தில் அதே மூன்றரை டன்னை எல்லையாகக் கொண்டது. அனுமதிச்சீட்டின் நிர்வாகத்துக்கென்று பிரிட்டனில் இட்ட கோடும், சாரதியின் ஓய்வுக்கென்று ஐரோப்பாவில் இட்ட கோடும் இவ்வாறு ஒன்றாய் விழுந்தன.

அதே 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு டாக்கோகிராஃபுக்கும் இடமளித்தது. ஆயினும், போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதை வண்டிக்குள் வைத்த ஒற்றன் என்று சொல்லி எதிர்த்ததனால் அப்பிரிவு ஏட்டளவிலேயே நின்றது. தொழிலாளரின் அச்சத்தை அற்பமென்று தள்ளிவிடுவதற்கில்லை. முதலாளியின் கண் தன்னை நாள் முழுதும் விடாமல் தொடர்வதை மானமுள்ள எந்த மனிதன் விரும்புவான்? ஆனால், இன்னும் ஓட்டு என்று நெருக்கும் முதலாளிக்கு எதிராகச் சாரதி நீட்டக்கூடிய சாட்சியமும் அந்தத் தாளேயாகும் என்பதை அன்றைய வாதங்கள் போதுமான அளவு நிறுத்துப் பார்க்கவில்லை. 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பின்னரும் இக்கருவியைக் கட்டாயமாக்கத் தயங்கியது. விவகாரம் லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சென்றது. நாட்டில் எதிர்ப்பு மூளும் என்ற காரணம் காட்டி ஓர் உறுப்பு நாடு தன் கடமையினின்று தானே விலகிக்கொள்ள முடியாதென்று 1979 பிப்ரவரி 7 அன்று தீர்ப்பாயிற்று. 1981-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அக்கருவி பிரிட்டிஷ் லாரிகளில் கட்டாயமாயிற்று.

வேன்களின் கதை இதற்குமேல் எதிர்த்திசையில் நடந்தது. 1985-இல் இயற்றப்பட்டு 1986 செப்டம்பரில் அமலான புதிய ஐரோப்பிய விதிகள், நாலரை மணி நேர ஓட்டத்துக்கு 45 நிமிஷ இடைவேளையும், நாளொன்றுக்கு 9 மணி, வாரத்தில் இரு நாள் மட்டும் 10 மணி என்ற வரம்பும் லாரிக்காரனுக்கு அளித்தன. அவ்விதிகளோடு உள்நாட்டுச் சட்டத்தை இணக்குவதற்காக அதே ஆண்டில் செய்த திருத்தத்தின் பின், சிறு சரக்கு வண்டிக்காரனுக்கு எஞ்சியவை ஒரு நாளில் 10 மணி ஓட்டம், 11 மணி வேலை என்ற இரண்டு வரம்புகளே. 1930 முதல் அவனுக்கிருந்த இடைவேளைப் பாதுகாப்பு ஓட்டுநேரச் சட்டத்திலிருந்து மறைந்தது. நடத்துநர் அனுமதி தேவைப்படாத வண்டியாகையால் நேர ஏடு எழுதும் கடமையும் அவனுக்கில்லை. ஏடுமில்லை, கருவியுமில்லை என்றால், அந்தப் பத்து மணியைச் சோதனை அதிகாரி எதைக்கொண்டு எண்ணுவார்?

உரிமத்தின் வரலாற்றிலும் மூன்றரை டன் இடையில் வந்து புகுந்ததேயாகும். 1997 ஜனவரி முதல் தேதிக்கு முன்னர்க் கார்ப் பரீட்சையில் தேறியவர்கள் 7.5 டன் வரையுள்ள வண்டியை ஓட்டலாம். அதன்பின் தேறியவர்கள் 3.5 டன்னோடு நிற்க வேண்டும். ஒரே முற்றத்தில் வேலை செய்யும் தந்தைக்கும் மகனுக்கும் கைக்கொள்ளும் வண்டி வேறாயிற்று. அண்மையில், மின்கலத்தின் பாரத்தைக் கருதி, மின்சார வேன்களுக்குச் சாதாரண உரிமத்தின் எல்லை 4.25 டன் வரை தளர்த்தப்பட்டிருக்கிறது. மறுபுறம், மூன்றரை டன் வேனின் பின்னே ஓர் இழுவை வண்டியைப் பூட்டினால், விதிவிலக்குகள் நீங்கலாக, இரண்டின் எடையும் சேர்த்து எண்ணப்பட்டு டாக்கோகிராஃப் வந்துவிடும்; கொக்கியைக் கழற்றினால் போய்விடும். ஓட்டுகிறவன் அவனே, சாலையும் அதுவே.

எல்லைக்குக் கீழே விதி இல்லாத இடத்தை வியாபாரம் கண்டுகொள்ளத் தாமதிக்கவில்லை. கண்டம் முழுவதும் ஊடுருவி ஓடும் 3.5 டன் வேன்கள் பெருகின. சாரதியின் தலைக்குமேல் கூரையில் ஒரு படுக்கைப் பெட்டியை அமைத்து, வாரக்கணக்கில் அவனை அதிலேயே உறங்கச் செய்யும் வழக்கமும் பெருகிற்று. இதனைக் கண்ட ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் தன் விதிகளைத் திருத்தியது. சர்வதேச அளவில் கூலிக்குச் சரக்கேற்றும் 2.5 டன்னுக்கு மேற்பட்ட வேன்களுக்கு 2022 மே 21 முதல் நடத்துநர் அனுமதி தேவையாயிற்று. அவ்வண்டிகளில் டாக்கோகிராஃபும் ஓட்டுநேர வரம்பும் 2026 ஜூலை முதல் தேதியிலிருந்து கட்டாயம் என்றும் விதிக்கப்பட்டது. ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனும், ஐரோப்பாவுக்குள் செல்லும் தன் வேன்களுக்கு இவ்விரண்டையும் உடன்படிக்கை வாயிலாக ஒப்புக்கொண்டது. உள்நாட்டு ஓட்டத்துக்கு 1968-ஆம் ஆண்டின் கோடு அசையவில்லை. ஆகவே அத்தேதி முதல் டோவரிலிருந்து கடலைக் கடந்து இருபது மைல் சொச்சத் தூரத்திலுள்ள கலேவுக்குக் கூலிச் சரக்கேற்றிச் செல்லும் மூன்றரை டன் வேனில் கருவி இருந்தாக வேண்டும். அதே டோவரிலிருந்து அறுநூறு மைல் வடக்கே இன்வர்னஸ் வரை தனியொருவனாய் ஓட்டிச் செல்லும் அதே வேனுக்கு அது தேவையில்லை.