பெரியவர்களுக்கு ஒரு கலரிங் புத்தகம்

லண்டனின் லாரன்ஸ் கிங் பதிப்பகம் கேட்டது குழந்தைகளுக்கான வண்ணம் தீட்டும் புத்தகம். கேட்கப்பட்டவர் ஜோஹன்னா பாஸ்ஃபோர்ட், ஸ்காட்லாந்துக்காரர்; கறுப்பு மையில் இலையும் கொடியுமாக நுணுக்கி நுணுக்கி வரைபவர். அவருடைய படங்களை வாங்கியவர்கள், இதற்கு வண்ணம் அடிக்கலாம் போலிருக்கிறதே என்று அவரிடம் சொல்வதுண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு, பெரியவர்களுக்காக வரைகிறேன் என்றார் அவர். பதிப்பகம் தயங்கியது. வளர்ந்தவர்கள் கலர் பென்சில் எடுப்பார்களா என்ற சந்தேகம் அப்போது நியாயமானதுதான். ஐந்து மாதிரிப் பக்கங்களை வரைந்து அனுப்பிய பிறகு சம்மதம் வந்தது.

என்ன வரைவது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. தாத்தா, ஆரன் தீவில் பிராடிக் கோட்டைத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர். சிறுவயதில் சுற்றித் திரிந்த அந்தத் தோட்டம்தான் பக்கங்களில் படர்ந்தது. கணினியை நம்பாமல் கையாலேயே கோடிழுத்தார்; இலைகளுக்கிடையே சின்னஞ்சிறு உயிரினங்களை ஒளித்து வைத்தார். 'சீக்ரெட் கார்டன்' 2013-இல் வெளிவந்தது. முதல் அச்சு 16,000 பிரதிகள். விற்காமல் போனால் அம்மாதான் நிறைய வாங்க வேண்டியிருக்கும் என்று அவர் பயந்தாராம். இரண்டே ஆண்டுகளில் விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது.

மன அழுத்தம் போக்கும் கலரிங் என்ற பேச்சு அதற்கு முன்பே பிரான்ஸில் இருந்தது. 2012-இல் ஹாஷெட் பதிப்பகம் நூறு படங்களோடு அப்படியொரு நூலை வெளியிட்டிருந்தது. ஆனால் உலகம் முழுக்க மேசைகளில் பென்சில் பெட்டிகளைத் திறக்க வைத்தது பாஸ்ஃபோர்டின் தோட்டம்தான். 2016-இல் தேவையைச் சமாளிக்க, பென்சில் தயாரிக்கும் ஃபேபர்-காஸ்டெல் நிறுவனத்தின் தொழிற்சாலையில் கூடுதல் ஷிப்ட் ஓட்டினார்கள்.

இது வெறும் மோகம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2005-இலேயே கரி, காசர் என்ற இரு ஆய்வாளர்கள் வண்ணம் தீட்டினால் பதற்றம் தணியுமா என்று அமெரிக்காவில் 84 கல்லூரி மாணவர்களிடம் சோதித்திருந்தார்கள். முதலில், தாங்கள் மிகவும் பயந்துபோன ஒரு சம்பவத்தை எழுதச் சொல்லிப் பதற்றத்தைக் கூட்டினார்கள். பிறகு சிலருக்கு மண்டலக் கோலம், சிலருக்குக் கட்டம் போட்ட வடிவம், மற்றவர்களுக்கு வெற்றுத்தாள். முதல் இரு குழுவினருக்கும் பதற்றம் தணிந்தது. வெற்றுத்தாளில் விருப்பம்போல் வண்ணம் தீட்டியவர்களுக்குத் தணியவில்லை.

களைத்த மனசுக்குச் சுதந்திரமும் ஒரு சுமைதான். கோடு ஏற்கெனவே இருந்தால், இந்த இலைக்குப் பச்சையா நீலமா என்பது மட்டுமே மிஞ்சும் கேள்வி. பாஸ்ஃபோர்ட் அங்கங்கே சில படங்களை முடிக்காமலும் விட்டிருக்கிறார், வாசகரே வரைந்து நிரப்பிக்கொள்ளட்டும் என்று. விரும்பினால் வரையலாம், அதற்குள் கையும் கொஞ்சம் பழகியிருக்கும்.