தெரியாததற்கு எந்தக் கட்டம்?

எங்கள் லைன் வீட்டிலிருந்து பத்தடி நடந்தால் பல்ப்பர் கொட்டகை. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அந்த இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குவோம். ஆனால் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தள்ளுகிற அந்த இயந்திரத்தைப் பதினாறு வயதுவரை நான் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. அம்மா பழம் பறிப்பாள்; காய்ந்த கொட்டையில் கறுப்பும் உடைசலும் பொறுக்குவாள். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிப்பதும், மருந்தடிப்பதும், பல்ப்பர் ஓட்டுவதும் ஆண்களின் வேலை. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இருநூறு ஆண்டுகள் ஆகப்போகும் காலத்திலும் எங்கள் எஸ்டேட்டில் எந்த வேலை யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நாங்கள் பல்ப்பர் பக்கம் போனால், "பாவாடை பெல்ட்டுல மாட்டிக்கும், போ புள்ள" என்று விரட்டுவார்கள்.

பத்தாம் வகுப்பில் ஒருநாள் எல்லோருக்கும் ஒரு வினாத்தாள் கொடுத்தார்கள். தப்பு, சரி இல்லாத பரீட்சை என்றார்கள். 'பழுதான இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது' என்று ஒரு வரி. அதற்கு எதிரே மூன்று கட்டங்கள்: பிடிக்கும், பிடிக்காது, இரண்டுமில்லை. நான் 'பிடிக்காது' என்று குறித்தேன். முடிவு வந்தபோது என் பெயருக்கு நேரே ஆசிரியர், செவிலியர், அலுவலக உதவியாளர் என்று இருந்தது. "உன் இயல்புக்கு ஏத்த வேலைம்மா" என்றார் ஆசிரியர். நல்ல மனிதர். வகுப்பிலிருந்த பெண்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே அதே இயல்பு வாய்த்திருந்ததை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

நான் ஆசிரியையானேன். அந்த வேலை எனக்குப் பிடித்தும் இருக்கிறது. இன்று சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வரும் பழங்குடிப் பெண்பிள்ளைகளிடம் அதே மாதிரித் தாளை நீட்டுகிறவளும் நானே. மலையாளி என்று பெயர் கொண்ட இந்தப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான். அவர்களில் பலருக்குக் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கு வந்தவர்கள் தாங்களே. அவர்கள் கையில் நான் என்ன கொடுக்கிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தத் தாளின் வரலாற்றைத் தேடினேன்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்டு கே. ஸ்ட்ராங் 1927-ல் தன் தொழில் விருப்பப் படிவத்தை வெளியிட்டார். அதன் கணக்கு எளிமையானது. ஒரு தொழிலில் நிலைத்திருப்பவர்களிடம் சில நூறு விஷயங்களைச் சொல்லி, பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்பது. பிறகு மாணவரிடமும் அதையே கேட்பது. மாணவரின் விடைகள் பொறியாளர்களின் விடைகளோடு ஒத்துப்போனால் பொறியியலை யோசிக்கலாம். வழக்கறிஞர்களோடு ஒத்துப்போனால் சட்டத்தை யோசிக்கலாம். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் அந்தத் தொழிலில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்பதில்தான் முழுக் கணக்கும் நிற்கிறது. முதல் படிவத்துக்காக அவர் கேட்டது ஆண்களிடம்.

1933-ல் பெண்களுக்குத் தனிப் படிவம் வந்தது. பின்னாளில் ஆண்களுடையது நீலத் தாளிலும் பெண்களுடையது இளஞ்சிவப்புத் தாளிலும் அச்சானது. இளஞ்சிவப்புத் தாளில் மருத்துவரும் வழக்கறிஞரும் இல்லாமல் இல்லை. ஆனாலும் பட்டியல் நீலத் தாளைவிடக் குட்டை. அதில் 'இல்லத்தரசி' என்பதும் ஒரு தொழிலாக இடம்பெற்றிருந்தது; நீலத் தாளில் இல்லத்தரசன் இல்லை. பெண்கள் இல்லாத தொழிலுக்குப் பெண்களின் விடைகள் கிடைக்காது. விடைகள் இல்லையென்றால் அளவுகோல் இல்லை. அளவுகோல் இல்லையென்றால் அந்தத் தொழில் ஒரு பெண்ணின் முடிவுத்தாளில் வரவே வராது. நேற்று கதவு சாத்தியிருந்ததாலேயே இன்றும் அது சாத்தியிருக்கும்.

இந்த யோசனைகள் நம் ஊருக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். 1952-ல் நியமிக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழுவின் தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். மாணவரின் திறனையும் நாட்டத்தையும் அறிந்து வழிகாட்ட ஆட்கள் வேண்டும், பல பாடப்பிரிவுகள் கொண்ட பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. 1954-ல் தில்லியில் கல்வி, தொழில் வழிகாட்டலுக்கான மத்தியப் பணியகம் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நாட்டம் உண்டு என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் அதே அறிக்கை, பெண்கள் படிக்கும் பள்ளிகளில் மனையியலுக்குச் சிறப்பு வசதி வேண்டும் என்றும் சொன்னது. பெண்ணின் நாட்டம் என்னவாக இருக்கும் என்பது சோதிப்பதற்கு முன்பே தெரிந்திருந்தது! அறுபதுகளில் ஹன்சா மேத்தா தலைமையிலான குழு இதை மறுத்துப் பேசியது. ஆணுக்கு ஒரு பாடம், பெண்ணுக்கு ஒரு பாடம் என்று பிரிக்க வேண்டியதில்லை, வீட்டுப் பாடம் இருவருக்கும் பொது என்பது அந்தக் குழுவின் நிலைப்பாடு.

அமெரிக்காவில் இரண்டு வண்ணத் தாள்களைப் பெண்கள் கேள்வி கேட்டார்கள். நான்சி ஷ்லாஸ்பெர்க், ஜேன் குட்மன் போன்ற வழிகாட்டல் துறைப் பெண்கள் 1972-ல் இந்தப் படிவத்தை மாற்றியே ஆகவேண்டும் என்று எழுதினார்கள். 1974-ல் டேவிட் கேம்பல் இரண்டையும் இணைத்து ஒரே படிவமாக்கினார். அவ்வாண்டே அந்நாட்டின் தேசியக் கல்வி நிறுவனம், பால் சார்பைத் தவிர்ப்பதற்கான வழிமுறைகளை வகுத்தது. எனவே இந்தத் தாள் தானாகத் திருந்தவில்லை.

தாள் ஒன்றானதும் சிக்கல் தீர்ந்ததா? இல்லை என்பதை ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் எனக்குக் காட்டினாள். இப்போது அரசுப் பள்ளிகளுக்கு 'நாட்டமறித் தேர்வு' புதிய சொல் அல்ல. 2022-ல் 'நான் முதல்வன்' வந்தபிறகு வழிகாட்டல் என்பதும் பழகிவிட்டது. அன்று என் தாளில் ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று எதுவும் இல்லை. அவள் 'ஆய்வகத்தில் கருவிகளைக் கையாள்வது' என்ற வரியில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மிஸ், தெரியாததுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடறது?"

என்னிடம் பதில் இல்லை. 'இரண்டுமில்லை'யில் போடச் சொன்னேன். அன்று மாலை தாள்களைப் புரட்டியபோது, இயந்திரம், மின்சாரம், ஆய்வகம் என்று வந்த இடமெல்லாம் பெண்களின் தாள்களில் 'இரண்டுமில்லை'யும் 'பிடிக்காது'வும்தான். கூட்டினால் வருவது என்ன? ஆசிரியர், செவிலியர், அலுவலக உதவியாளர். பதினாறு வயதில் எனக்கு வந்த அதே மூன்று.

கெயில் ஹாக்கெட், நான்சி பெட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1981-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். 'என்னால் இது முடியும்' என்ற நம்பிக்கை செய்து பார்ப்பதிலிருந்தும், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பதிலிருந்தும் வருகிறது. பெண்களுக்கு அந்த வாய்ப்புகள் குறைவு. அதனால் பல தொழில்களை முயலாமலே விலக்கிவிடுகிறார்கள். அப்படியானால் என் பிள்ளைகளின் மதிப்பெண் அவர்களுடைய இயல்பைச் சொல்லவில்லை. இதுவரை அவர்களுக்கு யார் எதைக் காட்டினார்கள் என்பதைச் சொல்கிறது. இதே ஏற்காட்டில் 1917-லிருந்து மான்போர்ட் பள்ளி நடக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் படிக்க வந்து தங்கும் மலை இது. இங்கேயே பிறந்தவள் 'தெரியாது' என்கிறாள் என்றால், குறை அவளுடைய ஆர்வத்தில் இல்லை.

தேர்வை நான் கைவிடவில்லை. வீட்டில் யாரும் 'உனக்கு என்ன பிடிக்கும்' என்று கேட்டிராத பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே ஒரு மரியாதை. என் அம்மாவுக்கு இந்தத் தாளை வாசித்துக் காட்டியபோது, "பிடிக்குமான்னு என்னை யாரு கேட்டா? கூலி எவ்வளவுன்னுதான் நான் கேட்டேன்" என்றாள். ஆனால் இப்போது தாளில் நான்காவதாக ஒரு கட்டம் பேனாவால் வரைகிறேன்: 'பார்த்ததில்லை'. முடிவு எழுதும்போது முதலில் அந்தக் கட்டத்தைத்தான் எண்ணுகிறேன். அதில் விழுந்தவற்றைக் காட்டுவது பள்ளியின் கடன். காட்டிய பிறகுதான் கூட்டல்.

போன பறிப்புக் காலத்தில் அனுமதி வாங்கிப் பிள்ளைகளை ஒரு பல்ப்பர் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். ஓட்டுகிற அண்ணன் இயந்திரத்தை நிறுத்தி மூடியைக் கழற்றினார். உள்ளே செம்புத் தகடு போர்த்திய ஓர் உருளை, தகடெங்கும் சிறு குமிழ்கள். "இவ்வளவுதானா மிஸ்?" என்று ஒருத்தி கையை நீட்டித் தொட்டாள். திரும்பி வந்து அவள் 'பிடிக்கும்' என்று குறித்தாள். கேள்வி கேட்டவளோ, "சத்தம் காதைப் பிளக்குது" என்று 'பிடிக்காது' போட்டாள்.

எனக்கு அதுவும் சந்தோஷமாகவே இருந்தது. பதினாறு வயதில் நான் போட்ட 'பிடிக்காது' கொட்டகை வாசலில் என்னை விரட்டியவர்களுடையது. அவள் போட்டது அவளுடையது.