திறப்பு யார் கையில்?

1933ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட் நிறைவேற்று உத்தரவொன்றில் கைச்சாத்திட்டார். 6102 என்ற இலக்கத்தைக் கொண்ட அந்த உத்தரவின் பிரகாரம் தங்க நாணயங்களையும் தங்கக் கட்டிகளையும் தங்கச் சான்றிதழ்களையும் வைத்திருந்தவர்கள் மே முதலாம் திகதிக்குள் அவற்றை வங்கிகளில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவுன்ஸ் ஒன்றுக்கு 20 டொலர் 67 சதம் விலையாக வழங்கப்பட்டது. 100 டொலர் பெறுமதியான தங்கத்தை மாத்திரமே ஒருவர் தன்னிடம் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டார். உத்தரவை மீறுவோருக்கு 10 ஆயிரம் டொலர் வரையிலான அபராதமும் 10 வருடங்கள் வரையிலான சிறைத்தண்டனையும் காத்திருந்தன. 1934 ஜனவரியில் அதே அவுன்ஸின் விலையை அரசாங்கம் 35 டொலராக உயர்த்தியது.

தங்கத்தை வீட்டுக் கொல்லையில் புதைத்து வைத்தவர்கள் பலரை அரசாங்கத்தினால் கண்டுபிடிக்க முடியவில்லை. அகப்பட்டுக்கொண்டவர், நம்பிக்கையுடன் வங்கியில் வைத்தவரே. நியூயோர்க்கைச் சேர்ந்த சட்டத்தரணி பிரெட்ரிக் பார்பர் கம்பெல் 5,000 அவுன்ஸுக்கும் அதிகமான தங்கத்தைக் கட்டிகளாக சேஸ் நஷனல் வங்கியில் பாதுகாப்புக்காக வைத்திருந்தார். அவற்றைத் திருப்பித் தருமாறு அவர் கேட்டபோது, ஜனாதிபதியின் உத்தரவைக் காரணங்காட்டி வங்கி மறுத்துவிட்டது. அவர் வங்கிக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். அரசாங்கம் அவருக்கு எதிராகவே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வழக்கை விசாரித்த நீதிபதி ஜோன் வூல்சி, உத்தரவில் கைச்சாத்திட்டிருக்க வேண்டியவர் ஜனாதிபதி அல்ல, திறைசேரிச் செயலாளரே என்று கூறி, தங்கத்தை ஒப்படைக்கவில்லை என்ற குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். ஆனால், தங்கத்தைக் கையேற்பதற்கு அரசுக்கு இருக்கும் அதிகாரத்தை அவர் மறுக்கவில்லை. அரசாங்கம் குறையைத் திருத்திக்கொண்டது. கட்டிகள் கம்பெலின் கைக்குத் திரும்பவில்லை.

பிறரிடம் ஒப்படைத்து வைக்கும் பொருளைப் பொறுத்தவரை இந்தப் பழைய வழக்கு கற்றுத்தரும் பாடம் எளிமையானது. பொருள் உங்களுடையதாக இருக்கலாம். ஆனால், அரசு வந்து கதவைத் தட்டும்போது அதற்குப் பதில் சொல்லப்போகிறவர் நீங்கள் அல்ல. திறப்பை, அதாவது சாவியைக் கையில் வைத்திருப்பவரே. அவருக்கு உங்கள் பொருளை விடவும் தனது அனுமதிப்பத்திரம் முக்கியம். கிரிப்டோ நாணயப் பரிமாற்ற நிலையங்கள் பொலிஸாரின் கோரிக்கையின் பேரில் வாடிக்கையாளர்களின் பணத்தை முடக்குவது பற்றி இன்று எழும் சர்ச்சைகளை இந்தப் பின்புலத்தில் வைத்து நோக்குவது பொருத்தமாக இருக்கும்.

இணையத்தில் இந்தக் கதை பிட்கொயினுக்கு முன்னரே ஆரம்பமாகிவிட்டது. டக்ளஸ் ஜாக்சன் என்ற புற்றுநோய் மருத்துவ நிபுணர் 1996ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் இருந்து 'ஈ-கோல்ட்' என்ற சேவையைத் தொடங்கினார். பெட்டகத்தில் இருக்கும் மெய்யான தங்கத்தின் பங்கை இணையத்தின் ஊடாக உலகின் எந்த மூலையில் இருப்பவருக்கும் நொடிப்பொழுதில் மாற்றிக் கொடுக்கலாம் என்பதே அதன் ஏற்பாடு. கணக்குத் திறப்பவரின் அடையாளம் முறையாகச் சரிபார்க்கப்படாமையினால் கடனட்டைத் திருடர்களும் மோசடிக்காரர்களும் அதனை நாடி வந்தனர். ஜாக்சன் சட்ட அமுலாக்கப் பிரிவினருக்குத் தகவல்களை வழங்கி ஒத்துழைத்த போதிலும், 2005 டிசம்பரில் அவரது அலுவலகம் சோதனையிடப்பட்டது. 2007 ஏப்ரலில், பணச்சலவைக்குச் சதி செய்ததாகவும் அனுமதிப்பத்திரமின்றிப் பணப்பரிமாற்றத் தொழில் நடத்தியதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டது. 2008 ஜூலையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நவம்பரில் நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஆறு மாத வீட்டுக்காவலையும் உள்ளடக்கிய மூன்று வருட கண்காணிப்புத் தண்டனையை விதித்தது. கணக்கு வைத்திருந்த சாதாரண மக்களோ தங்கள் பங்கைத் திரும்பப் பெறுவதற்கு அடையாளத்தை நிரூபித்து உரிமை கோரும் நடைமுறைக்காக வருடக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

அந்தத் தீர்ப்பு வழங்கப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னதாக, 2008 அக்டோபர் 31ஆம் திகதி, சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளியாகியது. இடையில் எந்த நிறுவனத்தையும் நம்பாமல் ஒருவர் மற்றவருக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் முறையை அது முன்வைத்தது. 2009 ஜனவரியில் பிட்கொயின் நடைமுறைக்கு வந்தது. ஈ-கோல்ட்டில் பெட்டகமும் ஒன்று, பெட்டகக் காவலரும் ஒருவர். பிட்கொயினிலோ காவலர் என்று எவரும் இல்லை. நீண்ட இரகசிய எண் ஒன்றே திறப்பு. அதை வைத்திருப்பவரே உடைமையாளர்.

ஆனால் மனித இயல்பு சும்மா இருக்கவில்லை. திறப்பைத் தொலைத்துவிடும் பயம், வாங்கவும் விற்கவும் உள்ள வசதி, டொலராக மாற்றவேண்டிய தேவை என்று பல காரணங்களால் மக்கள் மீண்டும் ஓர் இடைத்தரகரிடமே போய்ச் சேர்ந்தனர். அவரே பரிமாற்ற நிலையம். அங்கு நீங்கள் வைத்திருப்பதாக எண்ணும் நாணயம் உண்மையில் அந்த நிறுவனத்தின் பேரேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே பதியப்பட்டிருக்கும் ஓர் எண் மாத்திரமே. திறப்பு நிறுவனத்தின் கையில். கணக்குத் திறக்கும்போது வாசிக்காமலே ஏற்றுக்கொள்ளும் நிபந்தனைகளுக்குள், அதிகாரிகள் கேட்டால் கணக்கை முடக்கலாம் என்ற வாசகமும் வழமையாக இருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்பது நம் ஊர்ப் பழமொழி. பூசாரியே வேண்டாம் என்று கட்டப்பட்ட கோயிலுக்கு மக்களே பூசாரியை அழைத்து வந்து அமர்த்தினார்கள்.

இதன் விலை என்னவென்பதை 2017 ஜூலை காட்டியது. அந்த மாதம் 25ஆம் திகதி அலெக்சாண்டர் வின்னிக் என்ற ரஷ்யர் கிறீஸில் கைது செய்யப்பட்டார். பிடிசி-ஈ என்ற பரிமாற்ற நிலையத்தை நடத்தி 4 பில்லியன் டொலருக்கும் அதிகமான பணத்தைச் சலவை செய்ய உதவியதாக அமெரிக்கா அவர் மீது குற்றஞ்சாட்டியது. நிலையத்தின் இணையத்தளம் முடக்கப்பட்டது. அமெரிக்காவின் குற்றப்பத்திரிகையே அந்த நிலையத்துக்கு உலகெங்கும் சுமார் 7 இலட்சம் பயனாளர்கள் இருந்ததாகக் கூறியது. அவர்களில் கள்வர் எத்தனை பேர், சேமிப்பை வைத்த சாதாரண மனிதர் எத்தனை பேர் என்று அன்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. கதவு எல்லோருக்கும் ஒன்றாகவே மூடப்பட்டது.

எஞ்சியிருந்தவர்கள் 2017 செப்டெம்பரில் வெக்ஸ் என்ற புதிய பெயரில் நிலையத்தைத் திறந்து, வாடிக்கையாளரின் நிலுவையில் ஒரு பகுதியை நாணயமாகவும் மீதியைக் கடன் சீட்டுக்கு ஒப்பான ஒரு டோக்கனாகவும் கொடுத்தார்கள். அடுத்த வருடமே அதுவும் நொடிந்தது. வின்னிக் பிரான்ஸில் 2020 டிசம்பரில் ஐந்து வருட சிறைத்தண்டனை பெற்றார். 2022இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2024 மே மாதத்தில் அங்கு குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 பெப்ரவரியில், ரஷ்யச் சிறையில் இருந்த அமெரிக்க ஆசிரியர் ஒருவரின் விடுதலைக்கு ஈடாக அவரும் விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். குற்றஞ்சாட்டப்பட்டவரின் விவகாரத்தைத் தீர்த்துவைக்க இரண்டு வல்லரசுகள் பேசின. எந்தக் குற்றமும் சாட்டப்படாத வாடிக்கையாளருக்காகப் பேசுவதற்கு எந்த அரசும் இருக்கவில்லை.

2022 பெப்ரவரி மாதத்தில் இந்தப் பிரச்சினையின் இரு முகங்களும் இரு வேறு நாடுகளில் இரண்டு வார இடைவெளிக்குள் வெளிப்பட்டன. கனடாவில் கொவிட் கட்டுப்பாடுகளை எதிர்த்து பாரவூர்திச் சாரதிகள் ஒட்டாவா நகரை முடக்கியிருந்தனர். பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவின் அரசாங்கம் 14ஆம் திகதி அவசரகாலச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. மறுநாள் வெளியான பொருளாதார உத்தரவின் கீழ், நீதிமன்ற ஆணை எதுவுமின்றியே கணக்குகளை முடக்குவது நிதி நிறுவனங்களின் கடமையாக்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் முடக்கிய நிறுவனத்துக்கு எதிராக வாடிக்கையாளர் வழக்குத் தொடுக்க முடியாது என்ற பாதுகாப்பும் வழங்கப்பட்டது. சமஷ்டிப் பொலிஸார் கிரிப்டோ முகவரிகளின் பட்டியலைப் பரிமாற்ற நிலையங்களுக்கு அனுப்பிவைத்தனர். வங்கிகளில் 200க்கும் அதிகமான கணக்குகளில் சுமார் 7.8 மில்லியன் கனேடிய டொலர் முடக்கப்பட்டது. 23ஆம் திகதி பிரகடனம் நீக்கப்பட்டது.

அந்த நடவடிக்கையை ஆராய்ந்த நீதியரசர் போல் ரூலோவின் ஆணைக்குழு, அவசரகாலச் சட்டத்தைப் பிரயோகித்தது ஏற்கத்தக்கதே என்று 2023 பெப்ரவரியில் தயக்கத்துடன் கூறியது. ஆயினும், ஆர்ப்பாட்டத்தில் இருந்து விலகியவர்கள் தங்கள் கணக்குகளை விடுவித்துக்கொள்வதற்குத் தெளிவான வழி வைக்கப்படாததை அது ஒரு குறையாகச் சுட்டிக்காட்டியது. 2024 ஜனவரியில் சமஷ்டி நீதிமன்ற நீதிபதி ரிச்சர்ட் மோஸ்லி ஒரு படி மேலே சென்று, பிரகடனமே நியாயமற்றது என்றும் கணக்குகள் கையாளப்பட்ட முறை அரசியலமைப்பின் உரிமைகள் சாசனத்தை மீறியது என்றும் தீர்ப்பளித்தார்.

அதே பெப்ரவரியின் இறுதியில் ரஷ்யப் படைகள் உக்ரெய்னுக்குள் புகுந்தன. உக்ரெய்னின் துணைப் பிரதமர் மிகைலோ பெடரோவ், ரஷ்யர்கள் அனைவரினதும் கணக்குகளை முடக்குமாறு பெரிய பரிமாற்ற நிலையங்களுக்குப் பகிரங்க வேண்டுகோள் விடுத்தார். ஆக்கிரமிக்கப்பட்ட ஒரு நாட்டின் குரல் அது. உலகின் அனுதாபமும் அதன் பக்கமே இருந்தது. ஆயினும் பைனான்ஸ், கொயின்பேஸ், கிராக்கன் ஆகிய மூன்று நிலையங்களும் மறுத்தன. சட்டம் கட்டளையிட்டால் பணிவோம், குற்றமற்ற சாதாரண மக்களை நாடு பார்த்து முடக்கமாட்டோம் என்பதே அவற்றின் நிலைப்பாட்டின் சாரம். சட்டவிரோத நடவடிக்கைகளுடன் தொடர்புடையவை எனத் தான் நம்பிய, ரஷ்யத் தொடர்புள்ள 25 ஆயிரத்துக்கும் அதிகமான முகவரிகளைத் தடுத்துள்ளதாக கொயின்பேஸ் மார்ச் மாதத்தில் அறிவித்தது. ஆளைப் பார்த்து முடக்குவதற்கும் இனத்தைப் பார்த்து முடக்குவதற்கும் இடையிலான வேறுபாடு அங்கே பேணப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒன்றில் சட்டபூர்வ உத்தரவு இருந்தது, பணிந்தனர். மற்றதில் வேண்டுகோள் மாத்திரமே இருந்தது, மறுத்தனர். ஆனால் இந்த உறுதி எந்த நேரத்திலும் நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2023 நவம்பரில் பணச்சலவைத் தடுப்புச் சட்டங்களை மீறியதை ஒப்புக்கொண்ட பைனான்ஸ் 4.3 பில்லியன் டொலருக்கும் அதிகமான தொகையை அமெரிக்காவுக்குச் செலுத்த இணங்கியது. அதன் தாபகர் சாங்பெங் ஷாவ் பதவி விலகி, அடுத்த வருடம் நான்கு மாத சிறைத்தண்டனை பெற்றார். இந்த அனுபவத்துக்குப் பின்னர் ஒரு நிறுவனத்தின் மேசைக்கு அரச முகவரகம் ஒன்றின் கடிதம் வந்தால் அது எப்படிக் கணக்குப் பார்க்கும்? பணிந்தால் ஒரு வாடிக்கையாளரை இழக்கலாம். மறுத்தால் தொழிலையே இழக்கலாம்.

அதே வருடம் அக்டோபரில், ஹமாஸ் நிதி திரட்டப் பயன்படுத்தியதாகக் கூறப்பட்ட கணக்குகளைப் பைனான்ஸின் உதவியுடன் முடக்கியதாக இஸ்ரேலியப் பொலிஸார் அறிவித்தனர். பலஸ்தீனர் அனைவரினதும் பணம் இஸ்ரேலிய இராணுவத்தின் வேண்டுகோளின் பேரில் பறிக்கப்பட்டுவிட்டது என்று 2024 ஆகஸ்டில் கிரிப்டோ துறையின் பிரமுகரான ரே யூசெப் குற்றஞ்சாட்டினார். பைனான்ஸின் தலைமை அதிகாரி ரிச்சர்ட் டெங் அதனை மறுத்து, சட்டவிரோத நிதியுடன் தொடர்புடைய குறைந்த எண்ணிக்கையான கணக்குகளே முடக்கப்பட்டன என்றார். ஆனால் இஸ்ரேலில் இத்தகைய கைப்பற்றல் ஆணைகளைப் பாதுகாப்பு அமைச்சரே பிறப்பிக்கிறார். ஒரு தரப்பு அரசின் அமைச்சரே ஆணையிடும் இடத்தில், மறு தரப்பு மக்களின் சந்தேகம் ஒரு மறுப்பறிக்கையினால் தீர்ந்துவிடும் என்று எவராவது எதிர்பார்க்க முடியுமா?

அதற்காக, எந்தக் கணக்கையும் எவரும் தொடக்கூடாது என்று வாதிடுவதும் நேர்மையாகாது. 2025 பெப்ரவரி 21ஆம் திகதி பைபிட் என்ற பரிமாற்ற நிலையத்தில் இருந்து சுமார் 1.5 பில்லியன் டொலர் பெறுமதியான நாணயம் திருடப்பட்டது. வடகொரியாவே திருடியது என்று அமெரிக்க சமஷ்டிப் புலனாய்வுப் பணியகம் அறிவித்தது. திருட்டுப் பணத்தைத் தடுக்குமாறு விடுக்கப்பட்ட வேண்டுகோளை ஈஎக்ஸ்சீஎச் என்ற நிலையம் நிராகரித்தது. ஏப்ரல் இறுதியில் ஜேர்மன் பொலிஸார் அதன் சேவையகங்களையும் 34 மில்லியன் யூரோ பெறுமதியான நாணயத்தையும் கைப்பற்றினர். நிமிடங்களில் கண்டம் தாண்டும் பணத்தை, நீதிபதி காலையில் ஆசனத்தில் அமரும்வரை காத்திருந்து துரத்த முடியாது. பறிகொடுத்தவரின் பக்கத்தில் நின்று பார்த்தால் முடக்கம் என்பது ஒரு வரம்.

எனவே பிரச்சினை முடக்குவதா இல்லையா என்பதல்ல. முடக்கம் வேறு, பறிமுதல் வேறு. முதலாவது சில மணித்தியாலங்களில் நடக்க வேண்டிய அவசர சிகிச்சை. இரண்டாவது நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு மாத்திரமே நடக்க வேண்டியது. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்பதில்தான் நீதியும் அநீதியும் பிரிகின்றன. ஆணையில் தனிமனிதரின் பெயர் இருக்கிறதா, ஒரு கூட்டத்தின் பெயர் இருக்கிறதா? அதற்குக் காலவரையறை உண்டா? முடக்கப்பட்டவருக்குக் காரணம் அறிவிக்கப்படுகிறதா? அவர் சென்று முறையிட ஒரு நீதிபதி இருக்கிறாரா? கம்பெல் தனது தங்கத்தை இழந்தார். ஆனாலும் உத்தரவில் யாருடைய கையொப்பம் இருக்கிறது என்று கேட்க அவருக்கு ஒரு நீதிமன்றம் இருந்தது. இன்று தொலைதூர நாடொன்றில் இருந்து கைத்தொலைபேசியில் கணக்கைத் திறக்கும் ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும், உங்கள் கணக்கு மட்டுப்படுத்தப்பட்டுள்ளது என்ற ஒற்றை வரி அறிவித்தல் மாத்திரமே. எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ், எந்த அதிகாரியின் வேண்டுகோளின் பேரில் என்று கேட்பதற்கு மறுமுனையில் ஆள் இல்லை.

திறப்பைத் தன் கையிலேயே வைத்திருப்பவருக்கு இந்த ஆபத்துக் குறைவு. கனடாவில் 2022 பெப்ரவரியில் நீதிமன்ற முடக்க உத்தரவு நன்சக் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கும் போய்ச் சேர்ந்தபோது, பயனாளர்களின் திறப்புகள் தம்மிடம் இல்லாததால் தம்மால் எதையும் முடக்க இயலாது என்று அது பதிலளித்தது. ஆனால் அந்தத் திறப்பைத் தொலைத்தவருக்கும் திருட்டுக்கொடுத்தவருக்கும் உதவுவதற்கும் எவரும் இல்லை. இரண்டு ஆபத்துகளில் எதைத் தெரிவு செய்வது என்பது அவரவர் நிலைமையைப் பொறுத்தது. பரிமாற்ற நிலையத்தில் சேமிப்பை வைப்பவர்கள், அந்த நிறுவனம் எந்த நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, தன் நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் இடையே நாளை பகை மூண்டால் தனது நிலை என்ன என்ற இரண்டு கேள்விகளையாவது பணத்தை அனுப்புவதற்கு முன்னர் கேட்டுக்கொள்வது நல்லது.