ஹாலின் ஆசான்

சனவரி 12 என்பது பிறவாத ஒன்றின் பிறந்தநாள். 1956இல் இலங்கையிற் குடியேறி, 2008இல் கொழும்பிலே காலமான ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், ஸ்டான்லி கூப்ரிக்குடன் கூடி உருவாக்கிய '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' 1968இல் திரைப்படமாகவும் நாவலாகவும் வெளிவந்தது. அதில் வரும் பேசுங் கணினியே ஹால். அது அமெரிக்காவின் அர்பானா நகரில் இயங்கத் தொடங்கிய நாள் சனவரி 12 என்பதில் இரண்டும் ஒத்துள்ளன. ஆண்டிலேதான் வேற்றுமை: திரைப்படம் 1992 என்கின்றது, நாவல் 1997 என்கின்றது. 1997 மார்ச்சு மாதம் அங்குள்ள இலினோய்ப் பல்கலைக்கழகம் ஹாலின் பிறப்பை விழாவெடுத்துக் கொண்டாடிற்று.

வேற்றுமை ஆண்டோடு நின்றுவிடவில்லை. ஹாலுக்கு முதலிற் கற்பித்தவர் திரைப்படத்தில் லாங்லி, நாவலிலோ சந்திரா. 1982இல் வெளிவந்த இரண்டாம் நாவல் அவரது முழுப்பெயரைத் தருகின்றது: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை! ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ பள்ளிக்கூட இடாப்பில் இப்பெயரைக் கண்டால் எவரும் வியப்படையார். கால் நூற்றாண்டு இந்நாட்டில் வாழ்ந்தவர் எழுதிய அந்நூலின் இறுதித் திருத்தங்கள், பாதுக்கை நிலையத்தினின்று செயற்கைக்கோள் வழியே சென்றவை. 1984இல் அது படமானபோதோ சந்திராவாக நடித்தவர் பொப் பலபன் என்னும் அமெரிக்கர்.

திரையிலே மறைந்த தமிழாசான் ஏட்டிலே நிலைத்திருக்கின்றார். ஆதலின், நம் தீவகத்து மாணாக்கர் படத்தைக் கண்டு அமையாது, நூலையும் வாசித்தல் வேண்டும்.